நார்மல் பட்டியலில் அழிந்துபோன பெயர்

போன மாதம் எங்கள் பழைய லேபிலிருந்து சங்கீதா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு என் மேசையில் உட்கார்ந்திருக்கும் பெண். லேபை நாவலூருக்கு மாற்றுகிறார்களாம். அங்கே ஒரு புது மெஷின் காத்திருக்கிறதாம். நாங்கள் வாரக்கணக்கில் முக்கி முனகிப் படித்த ஜீன்களையெல்லாம் அது ஓரிரு நாளில் படித்துத் தள்ளிவிடுமாம். "ஒரு சிறப்பு மலர் போடறோம் சார். உங்க அனுபவத்தை நாலு பக்கம் எழுதிக் குடுங்க" என்றாள். சரி என்றேன். போனை வைக்கப்போனவள், "ஒண்ணு கேக்கணும் சார். பழைய ரிஜிஸ்டரெல்லாம் கட்டறப்ப முதல் நோட்டைப் பார்த்தேன். நார்மல் லிஸ்ட்ல ஏழாவது பேரை ரப்பர் வெச்சு அழிச்சிருக்கு. அது யாரு சார்?" என்றாள்.

மறந்துபோச்சும்மா என்றேன். அது பொய். நான் சொன்ன பொய்களில் அதுதான் கடைசியாக இருக்கட்டும் என்று இதை எழுதுகிறேன். மலரில் போட இடமில்லை என்றால் பரவாயில்லை, சங்கீதா படித்தால் போதும்.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றி எழுத அதிகம் இல்லை. ஒரு டிப்ளமா. ஒரு ஆஸ்பத்திரியில் இரண்டு வருடம் மூத்திரம் பார்த்தேன், ஒரு தனியார் லேபில் மூன்று வருடம் சர்க்கரை பார்த்தேன். இருபத்தொன்பது வயதில் தாம்பரத்துக்கும் சேலையூருக்கும் நடுவில் இருந்த இந்தக் கல்லீரல் ஆராய்ச்சி லேபில் டெக்னீஷியனாகச் சேர்ந்தேன். அப்போது எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெண் பெயர் விமலா. குரோம்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். மூன்று மாதத்தில் முகூர்த்தம்.

எங்கள் லேபுக்கு இருந்தது ஒரே கேள்விதான். ஒரே வீட்டில் இரண்டு பேர் உடம்பில் ஹெபடைடிஸ்-பி வைரஸ் நுழைகிறது. ஒருவருக்கு வந்த சுவடு தெரியாமல் போய்விடுகிறது. இன்னொருவரின் கல்லீரலில் ஆயுசு முழுக்கக் குடியிருக்கிறது. ஏன்? இதற்குப் பாதி பதில் நம் ஜீன்களில் இருக்கிறது. ஆறாவது குரோமோசோமில் எச்எல்ஏ என்று ஒரு கூட்டம் ஜீன்கள் இருக்கின்றன. அவற்றின் வேலை, செல்லுக்குள் நுழைந்த வைரஸில் ஒரு துண்டைப் பிய்த்து வெளியே தூக்கிக் காட்டுவது. வீட்டுக்குள் பூந்த திருடனின் சட்டையில் ஒரு கிழிசலை எடுத்து வாசலில் நிற்கும் போலீஸ்காரரிடம் காட்டுவது மாதிரி. சிலருடைய எச்எல்ஏ நன்றாகத் தூக்கிக் காட்டும். சிலருடையது அந்தத் துண்டைச் சரியாகப் பிடிக்காது. காவல் செல்கள் கண்டுகொள்ளாமல் போய்விடும். யாருக்கு எந்த வகை என்று பார்ப்பதுதான் எங்கள் பிழைப்பு.

எங்கள் தலைமை டாக்டரை மேடம் என்றே எழுதுகிறேன். இன்று உயிரோடு இருந்தால் பெயரைப் போட்டதற்கே ஒரு வாரம் பேசமாட்டார். குள்ளமான உருவம், காட்டன் புடவை, கழுத்தில் கயிறு கட்டிய கண்ணாடி. லேபில் பேனாவுக்குத் தடை. ஆல்கஹால் பட்டால் மை கரைந்து, யார் ரத்தம் என்றே தெரியாமல் போய்விடும், அதனால் எல்லாம் பென்சில். குழாயைத் தொடுவதற்கு முன் அதன் மேலிருக்கும் நம்பரை வாய்விட்டுப் படிக்க வேண்டும். ஒருவர் படிக்க, இன்னொருவர் எழுத, எழுதியவர் திருப்பிப் படிக்க வேண்டும். பொங்கலுக்கு முந்தின நாளானாலும் இதில் சலுகை கிடையாது. நோயாளி காதுபட "பாசிட்டிவ்" என்று ஒருத்தரும் சொல்லக் கூடாது. அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றித் தலைப்பால் துடைப்பார். துடைக்கும் நேரம் நீள நீள நாங்கள் ஒவ்வொருவராக வேறு மேசைக்கு நகர்ந்துவிடுவோம்.

எல்லா லேபிலும் ஒரு பழக்கம் உண்டு. நோயாளி ரத்தத்தோடு ஒப்பிட நோயில்லாத ரத்தம் வேண்டும். அதற்கு எங்கே போவது? லேபில் இருப்பவர்களே கையை நீட்டுவார்கள். அதற்கு எங்களுக்குள் பெயர் நார்மல். புதிதாகச் சேர்கிறவனுக்கு முதல் நாள் டீ வாங்கிக் கொடுப்பார்கள், இரண்டாம் நாள் ரத்தம் எடுப்பார்கள். எனக்கும் எடுத்தார்கள். ரிஜிஸ்டரில் நார்மல் என்ற தலைப்புக்குக் கீழே ஏழாவதாக மேடம் என் பெயரை எழுதினார். எடுத்த ரத்தம் நிஜமாகவே நார்மல்தானா என்று எலைசா தட்டில் வைத்துப் பார்க்கவும் என்னிடமே சொன்னார். புது ஆளின் கை எப்படி இருக்கிறது என்று பார்க்க அதுவும் ஒரு பரீட்சை.

எலைசா தட்டு உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரியது. அதில் சின்னச் சின்னக் குழிகள். ஒவ்வொன்றிலும் ஒருவருடைய ரத்தத்தின் தெளிநீரான சீரத்தை ஊற்றி, காத்திருந்து, கழுவி, மருந்து ஊற்றி, மறுபடி காத்திருந்து, ஐந்து தடவை கழுவி, கடைசியில் நிறம் காட்டும் திரவத்தை விட வேண்டும். வைரஸ் இல்லாத குழி தண்ணீராகவே கிடக்கும். இருக்கும் குழி நீலமாகும். அமிலத்தைச் சொட்டினால் நீலம் மஞ்சளாக மாறி நின்றுவிடும். அன்று ஆறு நார்மலும் தண்ணீர். ஏழாவது குழி மஞ்சள்.

பக்கத்திலிருந்த நோயாளி ரத்தக் குழியிலிருந்து தெறித்திருக்கும் என்று நினைத்தேன். மேடத்திடமும் அப்படித்தான் சொன்னேன். "ரிப்பீட் பண்ணுங்க" என்றார். பாத்ரூமுக்குள் போய் நானே என் கையில் குத்திப் புது ரத்தம் எடுத்தேன். இந்த முறை என் குழியைச் சுற்றி நாலு பக்கமும் காலி விட்டேன். மறுபடியும் மஞ்சள். என் அம்மா நான் காலேஜில் படிக்கும்போது வயிறு ஊதி, கண் மஞ்சளாகி இறந்துபோனாள். காமாலை என்று கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தோம். அந்த மஞ்சளும் இந்த மஞ்சளும் அன்றைக்குத்தான் எனக்கு ஒன்றாகத் தெரிந்தது.

தட்டை பிளீச்சிங் வாளியில் முக்கிவிட்டு, "சரியாயிடுச்சு மேடம்" என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். "நல்லது" என்றார். மறுநாள் காலையில் ரிஜிஸ்டரைத் திறந்தால் ஏழாவது பெயர் இல்லை. ரப்பர் தேய்த்த இடம் மட்டும் பேப்பரில் மழுமழுவென்று இருந்தது. முதலில் எடுத்த என் ரத்தம் ஃப்ரிட்ஜில்தான் இருந்தது, அவரே ஒரு தடவை பார்த்திருப்பார். அன்று சாயந்திரம் என் மேசையில் ஒரு துண்டுச் சீட்டு. வேறொரு ஆஸ்பத்திரியில் இருந்த கல்லீரல் டாக்டரின் பெயர் எழுதியிருந்தது. மைக்ரோஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமல் மேடம் சொன்னார்: "ஆறு மாசத்துக்கு ஒரு தடவை போங்க. இங்க யார்கிட்டயும் சொல்ல வேண்டியதில்ல."

போனேன். அன்று முதல் இன்றுவரை ஆறு மாதத்துக்கு ஒரு தடவை போகிறேன். வைரஸ் இருக்கிறது, ஆனால் தூங்குகிறது, கல்லீரல் நன்றாக இருக்கிறது என்று ஒவ்வொரு தடவையும் சொல்கிறார்கள். முதல் தடவை போனபோதே அந்த டாக்டர் "கல்யாணம் பண்ணிக்கறதுல ஒரு தடையும் இல்ல, பொண்ணுக்கு முன்னாடியே ஊசி போட்டுடுங்க" என்றார். அந்த ஊசி எங்கே இருந்தது என்று நினைக்கிறீர்கள்? எங்கள் லேப் ஃப்ரிட்ஜில், என் பொறுப்பில். ஊழியர்கள் எல்லோருக்கும் மூன்று தவணை தடுப்பூசி போட்டுவிடுவது என் வேலை. வைரஸ் ஏற்கனவே குடியேறிவிட்ட எனக்கு அது பயன்படாது, போட்ட மாதிரி எழுதிக்கொண்டேன்.

விமலா வீட்டுக்கு வேலை நிரந்தரமில்லை, கல்யாணம் வேண்டாம் என்று சொல்லியனுப்பினேன். அவள் அப்பா வந்து கத்திவிட்டுப் போனார். அடுத்த வாரம் அவளே தாம்பரம் ஸ்டேஷனுக்கு வரச்சொன்னாள். பீச் ஸ்டேஷனுக்குப் போகும் மின்சார வண்டி நிற்கும் பிளாட்பாரத்தில், வேர்க்கடலை விற்பவர் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மடியில் திருத்தாத கணக்கு நோட்டுகள்.

"நான் ஏதாவது தப்பாப் பேசிட்டேனா?"

"இல்ல."

"வேற யாராவது?"

"சேச்சே."

"அப்ப என்னன்னு சொல்லிடுங்க. எதுவா இருந்தாலும் நான் தாங்கிப்பேன்."

இரண்டு வண்டிகளை விட்டாள். மூன்றாவது வண்டியில் ஏறிப் போய்விட்டாள். சில வருடம் கழித்து அவளுக்குப் பல்லாவரத்தில் கல்யாணமானதாக யாரோ சொன்னார்கள். நல்லதாகப் போயிற்று என்று அன்று நினைத்துக்கொண்டேன். எப்பேர்ப்பட்ட தியாகி பாருங்கள்.

அதற்குப் பிறகான வருடங்களைப் பற்றி எழுத நாலு பக்கம் தேவையில்லை, நாலு வரி போதும். செம்பாக்கத்தில் ஒரு சின்ன ஃபிளாட். காலையில் லேப், சாயந்திரம் வீடு. டிவியை நான் பார்ப்பதற்காகப் போடுவதில்லை, சத்தத்துக்காகப் போடுவேன். தீபாவளி, பொங்கலுக்குக் கூடுவாஞ்சேரியில் என் தங்கை மலர் வீட்டுக்குப் போவேன். இந்த வைரஸ் டம்ளரிலோ தட்டிலோ பரவாது, தொட்டால் பரவாது என்று ஊர் ஊராகப் போய் முகாம்களில் சொன்னவன் நான். ஆனால் மலரின் குழந்தைகள் என் காபி டம்ளரை எடுத்தால் வெடுக்கென்று பிடுங்கிக்கொள்வேன். "மாமாவுக்குக் கிறுக்கு" என்று குழந்தைகள் சிரிக்கும். மலர் சிரிக்கமாட்டாள். "ஏண்ணா இப்படி ஒட்டாமயே இருக்க?" என்று ஒருமுறை கேட்டாள். பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று கிளம்பிவிட்டேன்.

ஓய்வு பெறப் பத்துப் பன்னிரண்டு வருடம் இருந்தபோது குடும்பங்களை ஆராயும் திட்டம் வந்தது. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளில் ஒருவருக்கு வைரஸ் தங்கி, இன்னொருவருக்குப் போயிருக்க வேண்டும். அப்படிப்பட்ட வீடுகளைத் தேடி ரத்தம் எடுத்தோம். அப்படி வந்தவன்தான் ஏழுமலை. கோவளம் தாண்டி ஒரு குப்பத்தில் கடலுக்குப் போகிறவன். இருபத்தாறு வயது. அத்தையின் ஆபரேஷனுக்கு ரத்தம் கொடுக்கப் போன இடத்தில் வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அப்படியே எங்களிடம் வந்தான். அவன் அம்மாவையும் தம்பியையும் வரவழைத்தோம். அம்மாவுக்கு வைரஸ் இருந்தது. தம்பிக்கு வந்துபோன தடயம் மட்டும் இருந்தது. ஏழுமலைக்குத் தங்கியிருந்தது.

அவன் ரத்தத்திலிருந்து நான்தான் டிஎன்ஏ எடுத்தேன். ஊதா மூடிக் குழாயைச் சுழலவிட்டால் மேலே மஞ்சள் தண்ணீர், கீழே சிவப்பு. நடுவில் பாலாடை மாதிரி ஒரு மெல்லிய வெள்ளைப் படலம். வெள்ளை அணுக்கள் அங்கேதான் இருக்கும். சிவப்பு ஒட்டாமல் அதை மட்டும் உறிஞ்சி எடுப்பதற்குள் மூச்சை அடக்கிக்கொள்ள வேண்டும். அணுக்களைக் கரைத்து, உப்புப் போட்டு வேண்டாததைக் கீழே இறக்கி, தெளிந்ததில் ஐஸ் குளிர்ச்சியில் ஆல்கஹாலை மெல்லச் சரித்து ஊற்றினால், ஒன்றுமே இல்லாத தண்ணீருக்குள் வெள்ளை நூல் திரளும். எத்தனை ஆயிரம் தடவை பார்த்தாலும் எனக்கு அந்த இடத்தில் ஒரு சந்தோஷம் வரும். அன்று ஏழுமலை கதவருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"இதுதான் நானா சார்?"

"உன்கிட்ட இருந்து வந்தது."

"இன்னா சார் இது, ஒரே வவுறு. அவனுக்குப் போயிச்சு. எனக்கு மட்டும் குந்திகினு கீதே?"

அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்றேன். அவன் போகவில்லை. சுற்றிமுற்றும் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னான்: "சார், வைகாசில எனக்குக் கண்ணாலம். பொண்ணு பேரு அஞ்சலை. அதுக்கு சொல்லணுமா சார்?"

அதற்கு ஒழுங்கு ஒன்று இருக்கிறது. "மேடத்தைக் கேள்" என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். நான் கதவைச் சாத்தினேன். "யாருக்கும் சொல்லாதே. கல்யாணத்தை மட்டும் நிறுத்திடு. வேற ஏதாவது காரணம் சொல்லிக்க. அந்தப் பொண்ணுக்கு நீ செய்யற நல்லது அதுதான்" என்றேன். அவன் தலையாட்டிவிட்டுப் போனான். அன்று ராத்திரி எனக்கு நல்ல தூக்கம் வந்தது என்று வெட்கத்தோடு எழுதுகிறேன். என்னைப் போலவே இன்னொருவன் கிடைத்துவிட்டான் என்ற நிம்மதியோ என்னவோ.

பத்து நாள் கழித்துக் காலையில் லேப் வராண்டாவில் மீன் வாடை. ஒரு பெண் கூடையை மாடிப்படிக்குக் கீழே வைத்துவிட்டு, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றாள்.

"ஏழுமலைக்கு இங்கதான ரத்தம் எடுத்தாங்க? அதுக்கப்பறம்தான் கண்ணாலம் வாணாங்கிறான். இன்னாடான்னு கேட்டா மூஞ்ச திருப்பிகினு போறான். எந்த சார் அவனாண்ட இன்னா சொன்னது?"

"ஒருத்தர் ரிப்போர்ட்டை இன்னொருத்தர்கிட்ட சொல்லக் கூடாதும்மா" என்றேன்.

"ரிப்போர்ட்ட யாரு கேட்டா? ஏன் வாணாங்கிறான்னு கேக்கறேன். அத்த சொல்லு."

"அவரைத்தான் கேக்கணும்."

"அப்ப அவன் வர்ற வரிக்கும் இங்கியே குந்திகினு இருக்கேன். மீனு நாறுனா நாறட்டும்."

சொன்னபடியே பெஞ்சில் உட்கார்ந்தாள். எனக்கு வேறொரு பெஞ்ச் ஞாபகம் வந்தது. ஒரு குழாயைக் கீழே போட்டேன்.

மேடம் வெளியே வந்து அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், உள்ளே வரச்சொன்னார். நடந்ததைச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

"ரத்தம் ஏத்தினாக்கூட குரூப் பாத்துதான் ஏத்தறோம். நீங்க உங்க பயத்தை அப்படியே அவனுக்கு ஏத்திட்டீங்களே."

இத்தனை வருடத்தில் அந்த விஷயத்தை அவர் தொட்டது அதுதான் முதல் தடவை. "நீங்கதானே மேடம், யார்கிட்டயும் சொல்ல வேண்டியதில்லன்னீங்க" என்றேன். ஐம்பதை நெருங்கும் ஆள் பள்ளிக்கூடப் பையன் மாதிரி அழுதுகொண்டே சொன்னேன்.

"இங்கன்னு சொன்னேன். லேப்ல சொல்ல வேண்டியதில்லன்னு சொன்னேன். கட்டிக்கப் போற பொண்ணுகிட்ட சொல்லாதீங்கன்னா சொன்னேன்?" என்றார். கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டு, "அன்னிக்கே உங்களை உக்கார வெச்சுப் பேசியிருக்கணும். நானும் தப்புப் பண்ணிட்டேன்" என்றார்.

பிறகு ஏழுமலைக்கு போன் போட்டார். "நாங்க எதுவும் சொல்ல மாட்டோம். சொல்றதும் சொல்லாததும் உங்க இஷ்டம். ஆனா அந்தப் பொண்ணு இங்க பெஞ்சுல உக்காந்திருக்கு. வந்து பதில் சொல்லிட்டுப் போங்க." அவ்வளவுதான் பேசினார்.

பன்னிரண்டு மணிக்கு அவன் வந்தான். மேடம் அறையில் இருவரும் உட்கார்ந்தார்கள். நான் நழுவப் பார்த்தேன். "நீங்களும் இருங்க" என்றார் மேடம். ஃப்ரிட்ஜ் ஓரமாக நின்றேன். ஏழுமலை தரையைப் பார்த்தபடி துண்டு துண்டாகச் சொல்லி முடித்தான். அம்மாகிட்டருந்து வந்திருக்கும், ரத்தத்துல கீது, போவாது, உனக்கும் வந்துடும்.

அஞ்சலை அவனை விட்டுவிட்டு மேடத்தைப் பார்த்தாள். "செத்துடுவானா?"

"சில பேருக்குக் கல்லீரல் கெட்டுப்போகும். நிறைய பேருக்கு ஒண்ணும் ஆகாது. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை பாக்கணும். தண்ணி அடிக்கவே கூடாது."

"எனக்கு வருமா?"

"ஊசி போடலைன்னா வரலாம்."

"ஊசி கீதா?"

"இருக்கு. மூணு. போட்டு, உடம்புல பிடிச்சிருக்கான்னு ரத்தம் பாத்துட்டா பயம் இல்ல. குழந்தைக்கும் பொறந்த அன்னிக்கே போட்டுடலாம். மூணாவது ஊசி வரைக்கும் ஆறு மாசம் ஆகும். கல்யாணத்தை ஆவணிக்குத் தள்ளி வெச்சுக்கங்க."

அவள் விரல் விட்டு மாதத்தை எண்ணினாள். பிறகு ஏழுமலையின் முதுகில் ஓங்கி ஒரு அறை வைத்தாள். "மூணு ஊசிக்கா கண்ணாலத்த நிறுத்துன? பேமானி! பத்து நாளா சோறு துன்னாம கெடக்கறேன் நானு. இதான் பேஜாருன்னு அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா?" சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தாள். அவனும் அழுதான். மேடம் ரிஜிஸ்டரைத் திறந்து பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தார்.

அன்றே அவள் ரத்தத்தைப் பரிசோதித்தேன். சுத்தமாக இருந்தது. மறுநாள் வந்து கையை நீட்டினாள். ஃப்ரிட்ஜைத் திறந்து மருந்தை எடுத்து நான்தான் போட்டேன். அடுத்த மாதம் ஒன்று, ஆறாவது மாதம் ஒன்று. ஆவணியில் கல்யாணத்துக்கு மேடமும் நானும் போனோம். மேடம் பத்து நிமிடம் உட்கார்ந்து, பாயசம் மட்டும் குடித்துவிட்டுக் கிளம்பினார். நான் சாப்பாட்டுப் பந்தல் காலியாகும்வரை இருந்தேன்.

இன்னும் ஒன்றைச் சொல்லாவிட்டால் சங்கீதா விடமாட்டாள், அவளுக்கு ஜீன்தான் முக்கியம். அந்தத் திட்டத்தில் மேடத்தைக் கேட்டு ஒரு குடும்பத்தை நானும் சேர்த்தேன். நானும் மலரும். "லேபுக்கு நார்மல் ரத்தம் வேணும்மா" என்று பொய் சொல்லித்தான் அவளிடம் எடுத்தேன். அவளுக்கு வந்துபோன தடயம் இருந்தது. அவளுக்குப் போய் எனக்குத் தங்கியிருக்கிறது என்றால் வித்தியாசம் ஜீனில்தான் இருக்க வேண்டும் என்று நினைத்தேன், எனக்கு விதித்தது அவ்வளவுதான் என்று பல வருடமாக நம்பிக்கொண்டிருந்தவன்தானே. எங்கள் இருவர் டிஎன்ஏவையும் ஜெல் கட்டியில் ஓடவிட்டு நீல வெளிச்சத்தில் பார்த்தேன். என் வரிசையிலும் அவள் வரிசையிலும் ஒரே இடத்தில் கோடுகள். அச்சு அசல். அப்பாவிடமிருந்தும் அம்மாவிடமிருந்தும் இருவருக்கும் ஒரே வகை வந்திருந்தது. அதுவும் வைரஸை விரட்டுவதற்குத் தோதான வகை. அதே ஜெல்லில் நாலு வரிசை தள்ளி ஏழுமலை. அவனுக்குத்தான் தோதில்லாத வகை.

நம்பரை மூன்று தடவை வாய்விட்டுப் படித்தேன். மாறவில்லை. மேடம் பக்கத்தில் வந்து பார்த்தார். "ஜீன் ஒரு பக்கமா தள்ளிவிடும், அவ்வளவுதான். எந்த வயசுல வந்ததுங்கறது அதைவிடப் பெருசு. நீங்க பிறக்கறப்பவே வாங்கியிருப்பீங்க. தங்கச்சிக்கு வளர்ந்த பிறகு வந்திருக்கும்" என்றார். எனக்கு அது காதில் ஏறவில்லை. ஜீனில் கெட்ட எழுத்து எழுதப்பட்டவனுக்கு ஒரு வீடு இருக்கிறது, கதவைத் திறந்துவிட ஒரு பெண் இருக்கிறாள். நல்ல எழுத்துக்காரனான நான் சாவியைப் பாக்கெட்டில் தேடி எடுத்து நானே கதவைத் திறக்கிறேன். இதற்கு எந்த ஜீனைக் குற்றம் சொல்வது என்று தெரியாமல் லைட்டை அணைத்துவிட்டு வந்தேன்.

மேடம் ஓய்வு பெற்றுக் கோயம்புத்தூர் போனார். அங்கேயே இறந்துபோனார். நானும் ஓய்வு பெற்றேன். இப்போது ஞாயிற்றுக்கிழமை என்றால் மீன் வாங்கப் போவதுதான் எனக்கிருக்கும் ஒரே வேலை. வழக்கமாக மேடவாக்கத்தில் வாங்குவேன். சங்கீதா போன் செய்த வாரம், மழைத் தண்ணீர் தேங்கியிருந்ததால் பஸ் சுற்றிக்கொண்டு போயிற்று. பெரும்பாக்கம் குடியிருப்புப் பக்கம் இறங்கிவிட்டேன். வரிசையாக மீன் கடைகள். "சங்கரா கால் கிலோ குடும்மா" என்று ஒரு கடையில் கேட்டேன். கால் கிலோ கேட்டால் மீன்காரர்கள் எப்போதும் ஒரு தடவை நம் முகத்தைப் பார்ப்பார்கள். இவளும் பார்த்தாள்.

"ஊசி சார்!"

அஞ்சலை. கொஞ்சம் பருத்திருந்தாள். ஏழுமலை நன்றாக இருக்கிறானாம், இன்னமும் படகுதானாம், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை இவளே இழுத்துக்கொண்டு போய்க் காட்டுகிறாளாம். பெண் ஆறாவது படிக்கிறதாம். பேசிக்கொண்டே தராசைக் கையில் எடுத்தாள்.

"கால் கிலோ எப்படி சார் பத்தும்? வூட்ல எத்தினி பேரு?"

"நான் மட்டும்தான்."

"வூட்டம்மா?"

"கல்யாணம் பண்ணிக்கல."

"ஏன் சார்?"

எத்தனையோ பேர் கேட்ட கேள்வி. எத்தனையோ பதில் தயாராக வைத்திருக்கிறேன். வேலை, தங்கை கல்யாணம், ஜாதகம். அந்த பெஞ்சில் கூடை நாறக் காத்திருந்தவளிடம் எதைச் சொல்வது?

"எனக்கும் அதேதான் அஞ்சலை. ஏழுமலைக்கு இருக்கறதுதான். கல்யாணத்துக்கு மூணு மாசம் முன்னாடி தெரிஞ்சுது. நிறுத்திட்டேன்."

மேடத்தையும் டாக்டரையும் தவிர ஒருவருக்கும் தெரியாதது. அவள் செதில் தேய்ப்பதை நிறுத்தினாள்.

"அந்தப் பொண்ணாண்ட சொன்னியா?"

"இல்ல."

"அது வந்து கேக்கலியா?"

"கேட்டா. ஸ்டேஷனுக்கு வந்து கேட்டா. ரெண்டு வண்டிய விட்டுட்டுக் கேட்டா."

அவள் என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். குரலைத் தாழ்த்தி, குழந்தையிடம் பேசுகிற மாதிரி கேட்டாள்:

"அப்பவும் ஊசி உன் கையிலதான இருந்துச்சு சார்?"

ஆமாம் என்றேன். அவள் மீனைக் கழுவி, பையில் போட்டு என் கையில் கொடுத்துவிட்டு, பின்னால் நின்ற பெண்ணுக்கு நெத்திலி அள்ளிப் போட ஆரம்பித்தாள்.